சொல்லாமல் விட்ட அடி

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் குளிர். பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். பிளாக்ஹீத் வெளியில் காற்று மட்டும் விட்டபாடில்லை.

கொண்டு போனவை: மொட்டை வாள், பஞ்சு திணித்த அங்கி, தலைக்கவசம், லென்ஸ் (கண்ணாடி போட விடமாட்டார்கள், பதினைந்தாம் நூற்றாண்டில் இப்படிப் பிரேம் இல்லையாம்), ஒரு பெட்டி இடியப்பம். மறந்தது: தண்ணீர். ஆறு வருடம் படை முழுவதற்கும் தண்ணீர் சுமந்தவள் நான்.

வென்றேன். இந்த வருடம் கொடி எனக்கு!!

இன்னும் நம்ப முடியவில்லை. டெரெக்கை வென்றிருக்கிறேன். அறுபத்து நான்கு வயது, குழாய் வேலைக்காரர், பத்தொன்பது வருடமாக பழங்காலப் போர்களை நடித்துக் காட்டும் எங்கள் கூட்டத்தின் நாரைக்கொடியைத் தூக்குபவர். ஒவ்வொரு ஏப்ரலிலும், கொடி வேண்டும் என்பவர் அவரோடு மூன்று சுற்று மோதலாம். இரண்டு சுற்று எடுத்தவருக்குக் கொடி. வழக்கமாக யாரும் கேட்பதில்லை. இந்த முறை நான் கேட்டேன்.

முதல் சுற்று எனக்கு. இரண்டாவது அவருக்கு. மூன்றாவதில் என் வாள் அவர் தோளில். உடனே அவர் கையை உயர்த்தி "பட்டது!" என்று கத்தி, நெஞ்சைப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, முழங்காலில் விழுந்து, பிறகு குப்புற. நாயோடு நடந்து போனவர்கள் நின்று கை தட்டினார்கள். டெரெக்கைப் போல் சாக லண்டனில் ஆள் இல்லை.

கார்த்திக் ஓடி வந்தார் (சென்னை ஆள், வங்கியில் கம்ப்யூட்டர் வேலை, போன வருடம் வில்லாளியாகச் சேர்ந்தவர்). "அக்கா, செமையா ஜெயிச்சிட்டீங்க! ஃபுல்லா வீடியோ எடுத்திருக்கேன்."

வீட்டில் என் கணவர் ரவி டி.வி.யை விட்டுத் தலை திருப்பவில்லை. "என்னப்பா, சண்டை முடிஞ்சுதோ?"

"ஓம். வெண்டிட்டன்."

"அப்ப சமையல்?"

பருப்பும் முட்டைப் பொரியலும். இடது பக்கம் நோகிறது. பாரசிட்டமோல் இரண்டு.


ஏப்ரல் 7, திங்கள்

தூறல். கண்ணாடிக் கடையில் காலை முழுக்கக் கூட்டம். ஒரு கிழவருக்கு நான்கு தரம் பிரேம் மாற்றிக் காட்டினேன், கடைசியில் பழையதே போதும் என்றார்.

குளிக்கும்போது பார்த்தேன். இடது விலாவில் உள்ளங்கை அளவு இரத்தம் கட்டிய கண்டல். நாவல்பழ நிறம்.

இந்தக் கொப்பியை யாரும் வாசிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது சுற்றில் டெரெக்கின் வாள்தான் முதலில் பட்டது. விலாவில், நன்றாக, பஞ்சு அங்கியையும் தாண்டி. அப்போதே நான் கை உயர்த்தியிருக்க வேண்டும். வாய் திறக்கத்தான் போனேன். அதற்குள் என் கை வீசிவிட்டது. அவர் தோளில் பட்டது. அவர் விழுந்தார். எல்லோரும் கத்தினார்கள். பிறகு எப்படிச் சொல்வது?

எங்கள் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. அடிபட்டவர்தான் சொல்ல வேண்டும். அடித்தவர் வாயே திறக்கக் கூடாது, "நான் அடித்தேனே" என்று முனகினாலும் மரியாதை போய்விடும். சேர்ந்த முதல் நாளே போலின் சொன்னது இது. (போலின் எங்கள் தலைவி. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இன்றைக்கும் எல்லோரையும் பின்னுக்கு நகரச் சொல்லும் குரல்.)

ஆக, தெரிந்தது இரண்டு பேருக்கு. எனக்கும், அடித்த கைக்கும். அடித்த கை பேசாது.


ஏப்ரல் 9, புதன்

கட்ஃபோர்டில் ஸ்கவுட் மண்டபம், வாராந்தப் பயிற்சி. வெளியே சுள்ளென்று வெயில், உள்ளே ஹீட்டர் வேலை இல்லை.

டெரெக் எனக்காக ஒரு பையோடு காத்திருந்தார். உள்ளே கொடித்தடி ஊன்றும் தோல் வார். எண்ணெய் போட்டுத் துடைத்து, பித்தளை எல்லாம் மினுங்க. "என் வயிற்றுக்குச் செய்தது, உனக்குத் தொளதொளக்கும். மூன்று ஓட்டை புதிதாகப் போட்டிருக்கிறேன்" என்றார். என் இடுப்பில் கட்டிப் பார்த்து, நடுஓட்டை சரி என்றார்.

முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபம் இல்லை, கிண்டல் இல்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லுங்களேன் ஐயா.

தேநீர் இடைவேளையில் போலின் என்னிடம்: "நல்லதுதான் வாஸ், ஆள் மாறட்டும். டெரெக்குக்கு ஜூனில் முழங்கால் ஆபரேஷன். அதற்குப் பிறகு களத்துக்கு வர மாட்டார். இந்த வருடம்தான் கடைசி."

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

கார்த்திக்கின் வீடியோ குரூப்பில் வந்துவிட்டது. முப்பத்தேழு இதயக்குறி. பஸ்ஸில் இருந்து பார்த்தேன். டெரெக்கின் முதுகுப் பக்கமிருந்து எடுத்தது. அவர் வாள் என் விலாவுக்குப் போவது தெரியவே இல்லை. ஆனால் அந்த நொடியில் என் வாய் ஒரு பக்கம் கோணுகிறது. தெரியாதவர்களுக்கு அது வீரம். தெரிந்தவளுக்குத் தெரியும். லூயிஷாம் வரைக்கும் திரும்பத் திரும்ப அந்த இடத்தையே ஓட்டிப் பார்த்தேன்.

வாங்க: மெழுகு நூல், பால், ரவியின் பிரஷர் மாத்திரை.


ஏப்ரல் 12, சனி

வெயில். தோட்டத்தில் புல் வெட்டவில்லை. உடுப்புத் தோய்க்கவில்லை. ஒரு வேலையிலும் இருப்புக் கொள்ளவில்லை.

கண்டல் இப்போது பச்சை.

ஏன் இந்தக் கொடி இவ்வளவு வேண்டும் எனக்கு? நியாயமாக யோசித்தேன்.

சேர்ந்தபோது என்னைப் போல ஒருத்தி அந்தக் காலத்து இங்கிலாந்தில் எப்படி இருந்திருப்பாள் என்று மூன்று பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். கூட்டத்தில் எல்லோரும் எழுதுவதுதான். மற்றவர்கள் அரைப் பக்கத்தில் "வில்லாளி, கென்ட்" என்று முடித்தார்கள். நான் நூலகத்தில் ஒரு மாதம் இருந்து, மிளகு வியாபாரி வீட்டு வேலைக்காரி, கப்பல், துறைமுகம் என்று ஒரு கதை கட்டினேன். அது போதாதென்று, ஒவ்வொரு காட்சியிலும் தண்ணீர்க் குடத்தோடு நிற்கும்போது பார்க்க வருபவர்கள் கேட்பார்கள்: உங்களைப் போன்றவர்கள் அப்போது இருந்தார்களா? சிரித்துக்கொண்டு மிளகுக் கதை சொல்வேன். ஒரு நாளைக்கு இருபது தரம்.

கொடி பிடிப்பவளிடம் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். அவள் முன்னால் போவாள், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். அவ்வளவுதான். அது எனக்கு வேண்டும். இப்போதும் வேண்டும். அதுதான் வெட்கம்.


ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. கடையில் அரை நாள் லீவு. காலையில் மழை, பிறகு மேகம். லூயிஷாம் கோயிலில் வரிசை வீதி வரைக்கும்.

வாசலில் சப்பாத்து அடுக்கும் ராக்கைக்குப் பக்கத்தில் ரவியின் சிநேகிதர் குலம் அண்ணை. "தங்கச்சி, வாள்வீச்சு எப்பிடிப் போகுது? வெள்ளைக்காரரைக் கலைச்சுப் போட்டீராமே!" எல்லோரும் சிரித்தார்கள். ரவி பெருமையோடு சிரித்தார், அதுதான் இதுவரை காணாத புதினம். இத்தனை வருடமாக என் வாளைக் குடைக் கூடைக்குள் போட்டு வைப்பவர்.

அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது கூட விலாதான் ஞாபகம்.

வீட்டுக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரவியிடம் சொன்னேன். கண்டலையும் காட்டினேன்.

"இதுக்கோ ஒரு கிழமையா மூஞ்சையைத் தூக்கி வச்சிருக்கிறீர்? ஆர் பாத்தது?"

"ஒருத்தரும் பாக்கேல்லை."

"அந்தாள் ஏதும் சொன்னவரோ?"

"அவர் சொல்ல ஏலாது. அதுதான் சட்டம்."

"அப்ப முடிஞ்சுது. விளையாட்டுத்தானேயப்பா. கம்பு தடியோட நிக்கிற விளையாட்டு."

"விளையாட்டெண்டபடியால்தான். அதில வேற ஒண்டும் இல்லை. அந்த ஒரு சொல்லு மட்டும்தான் இருக்கு."

ரவி பாயாசக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். "அப்ப போய்ச் சொல்லும். சொல்லிப்போட்டு ஆறுதலா இரும். என்ர உயிரையும் எடுக்காதையும்."

சரி என்றேன். சரி என்பது சுலபம்.


ஏப்ரல் 17, வியாழன்

டெரெக்குக்குப் போன் எடுத்தேன். இரண்டு தரம் மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அவர் திருப்பி எடுத்தார். "கூப்பிட்டாயா?" கொடியின் கீழ்விளிம்பு பிரிந்திருக்கிறது, என்ன தையல் போடுவது என்று கேட்டேன். பத்து நிமிடம் தையல் பற்றி விளக்கினார். நன்றி சொல்லி வைத்தேன்.

கோழை.


ஏப்ரல் 23, புதன்

காற்று, இடைக்கிடை தூறல். பயிற்சி.

இன்று சொல்வது என்று முடிவு செய்துகொண்டு போனேன். பஸ்ஸில் வசனம்கூடப் பாடமாக்கினேன். மண்டபத்தில் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கூட்டத்தின் முதல் பெண் கொடிக்காரியாம். போலின் கேக் செய்து கொண்டு வந்திருந்தார். மேலே நீல ஐசிங்கில் நாரை, பார்த்தால் வாத்து.

கேக்கை வெட்டிக்கொண்டு எப்படிச் சொல்வது? இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

டெரெக்கும் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார்.

கண்டல் மறைந்துவிட்டது. அழுத்தினால்கூட நோகவில்லை. இனி என்னிடம் அத்தாட்சியும் இல்லை.


மே 4, ஞாயிறு

கென்டில், கோட்டைக்குக் கீழே உள்ள புல்வெளி. முழுநாள் காட்சி. காலையில் பனி, மத்தியானம் தோல் எரியும் வெயில். இப்போது மாலை ஆறு மணி, காரில் இருந்து எழுதுகிறேன். கார்த்திக் ஓட்டுகிறார்.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் போலினின் உடுப்புச் சோதனை. என் தலையில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் பிடிபட்டது. மற்றபடி பாஸ்.

இரண்டு மணிக்குச் சண்டை. எழுதி வைத்த கதை எப்போதும் ஒன்றுதான்: மேட்டை நாங்கள் பிடித்து வைத்திருப்போம், முரசு அடித்ததும் கொடியை உச்சியில் ஊன்றுவேன், எதிர்ப்படை ஓடும், நாங்கள் வெல்வோம். அதுவரை கொடி விழக் கூடாது.

கொடியோடு முன்னால் நடந்தேன். கயிற்றுக்கு அப்பால் ஐந்நூறு பேராவது இருப்பார்கள். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சிறுமி "நாரை! நாரை!" என்று கத்தினாள். சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதி என்ன, இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ வருடம்.

பிறகு திரும்பிப் பார்த்தால், தண்ணீர்க் குடத்தோடு டெரெக்.

என் பழைய வேலை. யாராவது செய்யத்தானே வேண்டும். ஒரு காலை இழுத்து இழுத்து, ஒவ்வொருவராக, மேட்டின் மேலும் கீழும். என்னிடமும் வந்தார். மூச்சு வாங்க, கிண்ணத்தை என் வாயருகே பிடித்தார், என் இரண்டு கையும் தடியில் இருந்ததால். "குடி வாஸ். வெயில் கடுமை."

குடித்தேன். அவர் அடுத்த ஆளிடம் போனார். எனக்குள் ஏதோ கழன்றது. அந்த நேரம் எதிர்ப்பக்கத்து அம்பு ஒன்று (ரப்பர் முனைதான்) வந்து என் காலிலிருந்து இரண்டு அடி தள்ளிப் புல்லில் விழுந்தது.

நான் செத்தேன்.

யோசித்துச் செய்ததில்லை. கையை உயர்த்தி "பட்டது!" என்று கத்தினேன், விழுந்தேன், கொடியும் விழுந்தது. கொடி போனால் டெரெக் வந்து எடுப்பார் என்று எந்த மூளை கணக்குப் போட்டதோ. தண்ணீர்க்காரர் கொடியைத் தொடக் கூடாது. அது ஆறு வருடம் தண்ணீர் சுமந்த எனக்கே மறந்து போனது.

கொடி விழுந்ததைக் கண்ட எதிர்ப்படை, கதை மாறிவிட்டது என்று நினைத்து மேட்டில் ஏறிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பாதிப்பேர் செத்தார்கள், பாதிப்பேர் ஓடினார்கள். கார்த்திக் வில்லைப் போட்டுவிட்டு ஓடி வந்து கொடியைத் தூக்கினார், நாரை தலைகீழாக. ஒலிபெருக்கிக்காரர் "இதோ எதிர்பாராத திருப்பம்..." என்று இழுத்துக்கொண்டே இருந்தார். வருடா வருடம் வெல்லும் சண்டையில் தோற்றோம்.

செத்தவர் தலைவி சொல்லும் வரை எழும்பக் கூடாது. வெயிலில் முகம் குப்புறக் கிடந்தேன். எறும்பு கடித்தது. கிடந்தேன்.

முடிந்த பிறகு, சமையல் கூடாரத்துக்குப் பின்னால் டெரெக். இந்த மனிதர் கோபப்பட்டு நான் கண்டதே இல்லை.

"அந்த அம்பு உன்னில் படவில்லை."

"தெரியும்."

"படாததற்குச் சாவதும் பொய்தான் வாஸ். எனக்குப் பிச்சை போடுகிறாயா? நான் கேட்டேனா உன்னிடம்? நான் எப்போதாவது ஒரு வார்த்தை..." அத்தோடு வாயை மூடிக்கொண்டார். அதற்கு மேல் சொன்னால் அவர் சட்டத்தை மீறியதாகிவிடும். குடத்தைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார்.

அவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

கார்த்திக் இப்போது கேட்கிறார்: "அக்கா, நிஜமாவே அம்பு பட்டுச்சா?" இல்லை என்றேன். "ஆமா, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்று சொல்லிவிட்டு ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார்.


மே 5, திங்கள்

பாங்க் ஹாலிடே. மழை, நாள் முழுக்க. முதுகு, தோள், கழுத்து எல்லாம் நோவு. சேற்று உடுப்பைக் குளியல்தொட்டியில் ஊறப் போட்டேன். ரவி: "இது குளிக்கிற இடமோ, வயலோ?"

போலினிடமிருந்து தகவல்: நேற்றைய குழப்பம் பற்றிப் புதன்கிழமை பேசுவோம். மாதக் கடைசிக் காட்சிக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

மாதக் கடைசிக் காட்சி. அதுதான் டெரெக்கின் ஆபரேஷனுக்கு முந்தியது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் இல்லை.

தோல் வாரைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பைக்குள் வைத்தேன். பிறகு எடுத்து ஒரு தரம் இடுப்பில் கட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயது. திரும்பவும் பைக்குள்.


மே 7, புதன்

நல்ல வெயில், ஏழு மணிக்கும் வெளிச்சம். ஸ்கவுட் மண்டபம். பதினான்கு பேர். கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள்.

போலின் கோப்பைத் திறந்து, "சரி, ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது?" என்றார். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

எழுந்தேன். பாடமாக்கிய வசனம் ஒன்றும் வரவில்லை. களத்தில் செய்வது போல் வலது கையை உயர்த்தினேன்.

"பட்டது."

போலின் பழக்கத்தில் கேட்டார்: "எங்கே?"

"இடது விலா."

யாரோ சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்பைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

"ஏப்ரல் ஆறாம் தேதி. மூன்றாவது சுற்று. டெரெக்கின் வாள். என் அடிக்கு முன்னால் பட்டது. நான் சொல்லவில்லை."

சிரிப்பு நின்றது. தோல் வாரை எடுத்து மேசையில் வைத்தேன். கை அதை விட மாட்டேன் என்றது, விட்டேன். போலின் என்னை ஒரு தரம் பார்த்தார். பேனாவை எடுத்து, கோப்பில் கொடிக்கு எதிரே இருந்த என் பெயரை வெட்டி, டெரெக்கின் பெயரை எழுதினார். அரை நிமிட வேலை. கொடி போய்விட்டது. உட்கார்ந்தேன்.

டெரெக் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். போலின் கோப்பை மூடப் போனார்.

அப்போது கதவோரக் கதிரையில், ஈட்டிப் படையின் கிரகாம், ஆறடி நாலங்குல மனிதர், தொண்டையைச் செருமினார். கையை மெல்ல உயர்த்தினார். "பட்டது" என்றார். "போன செப்டம்பர். தொடை. டெரெக்கின் வாள். நானும் சொல்லவில்லை."

பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி அவரை வாய் பிளந்து பார்த்தார். பிறகு அவரும் கை உயர்த்தினார். "எனக்குத் தோள். மூன்று வருடம் இருக்கும்."

கார்த்திக் என் காதருகே, "அக்கா, நானும்தான். ரெண்டு தடவை" என்று சொல்லிவிட்டுக் கை தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர். எதிரில் இரண்டு பேர். முழங்கை. வயிறு. எந்த வருடம் என்று ஞாபகமில்லை, ஆனால் பட்டது. கடைசியில் போலின் பேனாவை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், தன் கையையும் உயர்த்தினார்.

டெரெக் எழுந்தார். எல்லாக் கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். காது வரை சிவப்பு.

"அப்படியென்றால், பத்தொன்பது வருடமாக இங்கே நான் ஒருவன்தான் செத்துக்கொண்டிருந்தேனா?"

யாரும் கையை இறக்கவில்லை.